பதினோராம் அத்தியாயத்தில் ஒரு கோட்டையிடம் விடைபெற்ற கதை

நான் எழுதிவரும் மிகைபுனைவு நாவலின் முதல் பத்து அத்தியாயங்களை ஒரு வருடத்துக்குள் எழுதிவிட்டேன். பதினோராம் அத்தியாயத்தின் கடைசி ஆறு பக்கங்கள் மட்டும் எட்டு மாதங்கள் எடுத்தன. அவற்றில் நடப்பது சிறிய விடயம். மலைகளுக்கு அப்பாலிருந்து அசுரப் படை வரும் என்று அஞ்சி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கட்டப்பட்டு, எவரும் வராததால் அரசும் மறந்துபோன ஓர் எல்லைக்கோட்டைக்கு, அங்குள்ள ஆட்களை எண்ணிப் போவதற்காகத் தலைநகரிலிருந்து ஒரு கணக்கர் வருகிறார், நாற்பது நாட்கள் தங்குகிறார், பிறகு புறப்படுகிறார். அந்தப் புறப்பாட்டைத்தான் என்னால் எழுத முடியவில்லை. இப்போது ஒருவாறு எழுதி முடித்துவிட்டதால், இதே இடத்தில் இடறி நிற்கும் வேறு எவருக்காவது உதவட்டும் என்று இதைப் பகிர்கிறேன்.

முதல் இடறல் சொல்லிலேயே வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு எழுதும் ஒருவரால் ‘முகாம்’ என்ற சொல்லை இலேசாகக் கையாள முடியாது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய சனம் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த இடத்துக்கும் அதுதான் பெயர்; இராணுவம் இருக்கும் இடத்துக்கும் அதுதான் பெயர். ‘காவலரண்’ என்று எழுதினால் என் வயதுக்காரருக்கு மண்மூட்டையும் பனங்குற்றியுமே கண்ணுக்குள் வரும். ‘பாசறை’ போருக்குப் போன அரசன் தங்குமிடம் என்பதால், அங்கே காத்திருப்பு உண்டே தவிர கைவிடப்படுதல் கிடையாது. கடைசியில் ‘எல்லைக்கோட்டை’ என்று வைத்து, உள்ளே இருப்பவர்களை வீரர் என்னாமல் காவற்காரர் என்று அழைத்தேன். பெயர் மாறியவுடன் அவர்கள் கையில் வாளுக்குப் பதிலாக விளக்குத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் நான்கு வரைவுகளிலும் கோட்டைத் தலைவர் மதிலில் ஏறி நின்று ஒரு முழுப் பக்கத்துக்குப் பேசினார். கொடி பறந்தது, கணக்கரின் கண் கலங்கியது, பாடசாலைப் பரிசளிப்பு விழா போல எல்லாம் நன்றாகவே நடந்தது. கோட்டையும் மிகப் பெரிது: ஏழு மதில், ஆயிரம் பேர். பூநகரிக்கு வேறொரு அலுவலாகப் போன ஒரு நாள் அங்குள்ள கோட்டையைச் சுற்றி நடந்தபோதுதான் என் தவறு புரிந்தது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் 1770இல் விரிவாக்கிய அந்தச் சதுரக் கோட்டையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 30 மீற்றர்தான்; கொத்தளங்களும் எதிரெதிர் மூலைகளில் இரண்டே இரண்டு. அவ்வளவு சிறிய இடத்துக்குள் ஒருவர் இருமினால் மற்றவர் எல்லோருக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து ஆயிரம் பேரை முப்பத்தொரு பேராகக் குறைத்தேன். இன்னொன்றும் உறைத்தது. 1803இல் வன்னிக் குறுநில மன்னன் பண்டாரவன்னியன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதையும், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவில் அவன் தோற்றதையும் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நான், முல்லைத்தீவில் உள்ளே இருந்த காவற்படையின் பக்கம் நின்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய கடமை எனக்கு இல்லைதான். ஆனால் இந்த நாவலுக்கு அந்தப் பக்கம் தேவைப்பட்டது.

அதன்பின் வாசிக்கத் தொடங்கினேன். முல்லைப்பாட்டின் பாசறையில் கச்சில் வாள் செருகிய பெண்கள் விளக்குகளுக்கு நெய் வார்த்துத் திரி கொளுத்துகிறார்கள். பொழுதை அளக்க நீர்க்கன்னல் இருக்கிறது. எல்லாம் நிறைந்த அந்தப் பாசறையைத் தலைகீழாகப் புரட்டினால் என் கோட்டை கிடைத்துவிடும் என்று நினைத்து, நெய் இல்லை, கன்னல் இல்லை என்று ஒரு வரைவு எழுதினேன். இல்லைகளின் பட்டியலாக மட்டும் வந்தது. உரோமர்களிடம்தான் சரியான நூல் நுனி அகப்பட்டது. பிரித்தானியாவின் வடக்கே, ஹேட்ரியன் மதிலை அண்டிய விண்டொலாண்டாக் கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரத்தகடுகளில், கி.பி. 100ஐ ஒட்டிய காலத்துக் கடிதங்கள் மையால் எழுதப்பட்டுள்ளன. ஒன்றில் ஓர் அதிகாரி, தன் ஆட்களுக்குப் பியர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்கிறார். இன்னொன்றில் காலுறையும் இரண்டு சோடிச் செருப்பும் இரண்டு சோடி உள்ளாடையும் அனுப்பப்பட்ட செய்தி இருக்கிறது. அந்தப் பேரரசு மேற்கில் சரிந்துகொண்டிருந்த 5ஆம் நூற்றாண்டில், தன்யூப் கரையில் இன்றைய பாசாவ் நகரம் இருக்கும் இடத்திலிருந்த காவற்படையின் கதை இன்னும் மோசமானது: வராத சம்பளத்தைக் கேட்டு வாங்கிவர அவர்களில் சிலர் இத்தாலிக்குப் புறப்பட்டார்கள், வழியில் கொல்லப்பட்டார்கள், ஆற்றுநீர் அவர்களின் உடல்களைக் கரைசேர்க்கும்வரை கோட்டையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

இவ்வளவையும் வாசித்த பிறகும் காட்சி அசையவில்லை. அது அசைந்தது ஒரு தை மாத விடியலில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயலொன்றின் காவற் பரணடியில். காலபோக நெல் முற்றியிருந்த நேரம். நண்பரின் உறவினர் மூவர் யானைக் காவலுக்கு நிற்கிறார்கள் என்று அறிந்து, எழுத்துக்கு உதவும் என்ற சுயநலத்தோடு இரண்டு இரவுகள் அவர்களோடு தங்கினேன். கேட்டிருந்த யானை வெடி இன்னும் வந்திருக்கவில்லை. மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட தகரம் ஒன்றும், மூட்டுவதற்குப் பழைய டயர் ஒன்றும், ஒரு டோர்ச் லைற்றும் இருந்தன. மூவரில் மூத்தவர் டோர்ச்சை இரண்டு எண்ணும் நேரம் மட்டும் அடித்துவிட்டு அணைத்துவிடுவார். பகலில் அதன் பற்றரிகளைக் கழற்றி, தகரத்துண்டின் மேல் வரிசையாக வைத்து வெயிலில் காயவிடுவார். இரண்டு இரவும் யானை வரவில்லை. வராத யானைக்காக விழித்திருப்பது, வந்த யானையைத் துரத்துவதைவிட அலுப்பான வேலை என்பதை மூன்றாவது பிளேன்ரீயிலேயே கண்டுகொண்டேன்.

புறப்படும்போது, வழக்கம்போல, “அண்ணை, போட்டு வாறன்” என்றேன்.

“வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன ஆக்கள் கனபேர், தம்பி. நீங்கள் வராட்டிலும் பறவாயில்லை, சந்திக் கடையில நாலு பெரிய பற்றரி வேண்டி பஸ்ஸில குடுத்து விடுங்கோ, அது காணும்” என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து காசை எடுத்து எண்ணித் தந்தார். நான் வாங்க மறுத்தேன். “காசு தந்தாத்தான் மறக்க மாட்டியள்” என்றார். அதைக் கேட்ட மற்ற இருவரும் தங்களுக்கும் சொல்ல இருக்கிறது என்று உணர்ந்ததுபோல, ஒருவர் பாட்டாச் செருப்புக்கு ஒன்பதாம் இலக்க வார் என்றார், மற்றவர் தன் அக்காவிடம் மாட்டைக் கட்டிவைக்கச் சொல்லும்படி சொன்னார். வரம்பில் சிறிது தூரம் நடந்து திரும்பிப் பார்த்தபோது எவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மூத்தவர் குனிந்து பற்றரிகளை வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே கோட்டைத் தலைவரின் பேச்சு முழுவதையும் வெட்டினேன். முந்திய வரைவுகளில் ஒரு பெரிய இரகசியம் உடைவதாக இருந்தது: வருகைப் பதிவில் நாற்பத்தாறு பெயர்கள், உள்ளே இருப்பதோ முப்பத்தொரு பேர், இறந்த பதினைந்து பேரின் கூலியில்தான் உயிரோடிருப்பவர்கள் கஞ்சி குடிக்கிறார்கள். இதைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று தலைவர் மன்றாடுவார். புதிய வரைவில் அவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. வில் நாண், விளக்கெண்ணெய், சேற்றுப்புண்ணுக்கு மருந்து, ஒருவனின் தாய்க்கு ஒரு செய்தி என்று ஒவ்வொருவராக வந்து சொல்ல, கணக்கர் அவற்றைப் பதிவேட்டின் கடைசி ஏட்டில், இறந்தவர்களின் பெயர்களுக்குக் கீழேயே எழுதிக்கொள்கிறார். தலைவர் நாணுக்கான விலையைக் காசாகக் கொடுக்கிறார். அந்தக் காசில் இருப்பது இரண்டு தலைமுறைக்கு முந்திய அரசனின் முகம். தலைநகரில் அது செல்லாது. கணக்கருக்கு அது தெரியும். வாங்கி மடியில் முடிந்துகொள்கிறார். ‘போய் வருகிறேன்’ என்று அவர் வாயெடுக்கும்போது தலைவர் வேறொருவனைக் கூப்பிட்டு, கதவின் கீலுக்குக் கொழுப்புப் பூசச் சொல்கிறார்.

வரைவை வாசித்த தங்கை, “அசுரர் எங்கே, அண்ணா? வாசிக்கிறவைக்கு அசுரர் வேணுமெல்லே?” என்று கேட்டாள். அவர்கள் இருபதாம் அத்தியாயத்தில் வருவார்கள் என்றேன். அதற்குள் யாராவது புத்தகத்தை மூடிவைத்தால் அது என் விதி. பிறகு அவள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. நாண் போய்ச் சேர்ந்ததா?

பற்றரிகளை அடுத்த நாட் காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன், செருப்பு வாரோடு சேர்த்து. அக்காவிடமும் சொல்லியாயிற்று. கணக்கர் இப்போது பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தலைநகரின் கடைத்தெருவில் நிற்கிறார். மூன்று கடைகளில் கேட்டுவிட்டார். அந்த அளவு வில்லுக்கு இப்போது யாரும் நாண் திரிப்பதில்லை என்கிறார்கள்.