ரோஃபி மெனுவிலிருந்து யூசர் சர்வீஸ்கள்: எங்கே சறுக்கும்?

லினக்ஸில் சிங்க்திங் (கோப்பு ஒத்திசைவு), எம்பிடி (இசை), பைப்வயர் (ஒலி) மாதிரி நம் கணக்கின் கீழ் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்காக ஒவ்வொரு தடவையும் டெர்மினலைத் திறப்பது அலுப்பு. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கட்டளையான 'சிஸ்டம்சிடிஎல் --யூசர்' தரும் பட்டியலை, மெனுவாகக் காட்டும் 'ரோஃபி -டிமெனு'வுக்குப் பைப் செய்து, ஸ்வே, ஐ3 போன்ற விண்டோ மேனேஜரில் ஒரு ஷார்ட்கட்டில் போட்டுவிடலாம். ஸ்கிரிப்ட் சின்னதுதான்.

பட்டியலில்தான் முதல் சறுக்கல். 'லிஸ்ட்-யூனிட்ஸ்' நினைவகத்தில் ஏறிய யூனிட்களை (சர்வீஸ் போன்றவற்றுக்கு சிஸ்டம்டி வைத்த பெயர்) மட்டுமே காட்டும். '--ஆல்' போட்டாலும் இன்னும் ஏறாத சர்வீஸ் வராது. அதனால் 'லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ்' பட்டியலையும் சேர்க்க வேண்டும். அதில் '@.சர்வீஸ்' என்று முடிகிற பெயர்கள் வெறும் டெம்ப்ளேட், அதாவது அப்படியே ஓடாத அச்சு; வடிகட்டிவிடுங்கள். '--ப்ளெய்ன்', '--நோ-லெஜெண்ட்' இரண்டும் கட்டாயம். '--ப்ளெய்ன்' இல்லாவிட்டால், ஃபெயிலான சர்வீஸின் வரிக்கு முன்னால் ஒரு கரும்புள்ளி வரும். வரியைப் பத்திகளாகப் பிரிக்கும் 'ஆக்' கட்டளை கொண்டு முதல் பத்தியை எடுத்தால் பெயருக்குப் பதில் அந்தப் புள்ளிதான் கிடைக்கும். தேடி வந்ததே விழுந்து கிடப்பதைத்தான், அது மட்டும் கையில் சிக்காது!

என்டர் தட்டினால் ரீஸ்டார்ட் என்று வைத்திருக்கிறேன். நின்றுபோன சர்வீஸையும் அதுவே தொடங்கிவிடும், ஸ்டார்ட்டுக்குத் தனி விசை வேண்டாம். ஆல்ட்+1 அடித்தால் ரோஃபி 10 என்ற எக்ஸிட் கோடோடு (முடியும்போது ஸ்கிரிப்டுக்குத் தரும் எண்) முடியும்: அதற்கு ஸ்டாப். ஆல்ட்+2க்கு 11: அதற்கு, லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல். எஸ்கேப் அடித்தால் 1. அங்கேயே வெளியேறிவிட வேண்டும்.

ஸ்டாப் ஆக மறுக்கும் சர்வீஸுக்கு சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி பொறுக்கும். '--நோ-பிளாக்' போட்டால் உடனே திரும்பலாம், ஆனால் முடிவு தெரியாது. பின்னணியில் ஓடவிட்டு, முடிந்ததும் நோட்டிஃபை-சென்ட் கட்டளையால் திரையில் ஓர் அறிவிப்பு அனுப்புவதே மேல். அந்த முடிவையும் அப்படியே நம்ப வேண்டாம்: 'டைப்=சிம்பிள்' என்று குறித்த சர்வீஸில், ஓட வேண்டிய நிரல் கோப்பே (பைனரி) இல்லாவிட்டாலும் ஸ்டார்ட் வெற்றி என்றே வரும். ஒரு நொடி விட்டு 'இஸ்-ஆக்டிவ்' கேளுங்கள்.

திரையில் எதையாவது காட்டும் சர்வீஸ் உடனே செத்தால், பெரும்பாலும் எந்தத் திரை என்று சொல்லும் வேலண்ட்_டிஸ்ப்ளே மாறி, நம் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் யூசர் மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஸ்வே தொடங்கும்போதே 'இம்போர்ட்-என்விரான்மென்ட்' கொடுத்தால் தீரும்.

கோபத்தில் என்டரைத் தட்டிக்கொண்டே இருந்தால் 10 நொடிக்குள் 5 தடவைக்கு மேல் சிஸ்டம்டி தொடங்க மறுக்கும். கையால் தொடங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் 'ரீசெட்-ஃபெயில்ட்' ஒரு வரி போட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். ஏறாத யூனிட்டுக்கு அது காட்டும் பிழையைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.