சைக்கிள் பையும் லேப்டாப் திரையும்

அடையாறிலிருந்து தரமணிக்கு நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். முதுகுப் பையில் 14 அங்குல லேப்டாப். "இந்த ரோட்டுல இதைத் தூக்கிட்டு வர்றீங்களே, ஸ்கிரீன் தாங்குமா?" என்று அலுவலகத்தில் அடிக்கடி கேட்பார்கள். தாங்கும். எல்லோருக்கும் குலுக்கலை நினைத்துப் பயம். எனக்கு அழுத்தத்தை நினைத்துத்தான்.

திரைக்குள்ளே இருப்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள், நடுவே திரவப் படிகம். எடை பரவலாக விழுந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் குத்தினால் போச்சு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சார்ஜரையும் லேப்டாப்பையும் ஒரே அறையில் திணித்து, பையின் பட்டைகளை இறுக்கிக்கொண்டு வந்தார். வழியில் எங்கும் விழவில்லை, இடிக்கவில்லை. மேசையில் வைத்துத் திறந்தால், மூலையில் மை கொட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு, அதிலிருந்து மேலும் கீழுமாகக் கோடுகள். மேல்மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. ரிச்சி தெருவில் டிஸ்ப்ளே மாற்றித் தந்தவர் பார்த்ததுமே, "உள்ள என்ன வச்சிருந்தீங்க, சார்ஜரா, பாட்டிலா?" என்று கேட்டாராம்.

அதனால் என் பையில் லேப்டாப் அறைக்குள் வேறெதுவும் போகாது. சார்ஜர் முன்பக்க அறையில், தண்ணீர் பாட்டில் சைக்கிள் சட்டத்தில், டிபன் பாக்ஸ் கேரியரில். நுரை வைத்த உறை இடியைத் தணிக்கும், ஆனால் குத்தலைத் தடுக்காது. அதற்கு நான் வைத்திருப்பது பிள்ளைகள் தேர்வுக்குக் கொண்டுபோகும் பரீட்சை அட்டை. கிளிப்பைக் கழற்றி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, உறைக்குள் மூடியை ஒட்டினாற்போல் செருகிவிட்டேன். எது வந்து முட்டினாலும் அட்டை அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும். விலையும் அதிகமில்லை.

மூடுவதற்கு முன் கீபோர்டை ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பேன். ஒரு மணல் துகளோ பின்னோ இயர்போனோ கிடந்தால் திரையை உள்ளிருந்தே நெருக்கும். கேமராவை மறைக்க ஒட்டுகிறோமே சின்ன பிளாஸ்டிக் மூடி, அதுவும் அப்படித்தான். மேக்புக்கில் அப்படி ஏதாவது ஒட்டியே ஆகவேண்டுமென்றால் 0.1 மி.மீ.க்கு மேல் தடிமன் கூடாது என்று ஆப்பிளே சொல்கிறது. சாதாரணத் தாளின் தடிமன்தான் அது.

சரி, குலுக்கல்? லேப்டாப்பை கேரியரில் கட்டாதீர்கள், அவ்வளவுதான். பின்சக்கரத்தின் ஒவ்வொரு அடியும் நேராக அதற்குத்தான் போகும். முதுகில் இருந்தால் உடம்பே பாதியை வாங்கிக்கொள்ளும். வேகத்தடை வந்தால் சீட்டிலிருந்து சற்று எழுந்து, முழங்காலை மடக்கி ஏறி இறங்கினால் மீதியைக் கால்கள் பார்த்துக்கொள்ளும். டயரில் கல்லு மாதிரி காற்றடிக்கவும் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பையின் மழை உறை மட்டும் போதாது. முதுகுப் பக்கம் அது மூடுவதில்லை. அந்த வழியாக இறங்கும் தண்ணீர் அடியில் தேங்கும், லேப்டாப்பும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் லேப்டாப்பை உறையோடு போட்டு, வாயை மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வையுங்கள். அறையின் அடியில் பழைய யோகா விரிப்பிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றும் போட்டு வையுங்கள். பையைத் தரையில் பொத்தென்று வைக்கும்போது முதலில் அடிபடுவது லேப்டாப்பின் மூலைதான்.