இரண்டு விரற்கடை ஆட்டம்

ஜூன் 4

ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகிறது. பழைய ஃபியட்டாக இருந்தால் பரவாயில்லை, அதில் ஸ்டியரிங் பாக்ஸ், கொஞ்சம் ஆடத்தான் செய்யும். என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் இருப்பது ரேக் அண்ட் பினியன், பல்சக்கரம் ஒரு பல்கம்பியை (ரேக்) நேராக இடமும் வலமும் தள்ளும் அமைப்பு. இவ்வளவு ஆட்டம் வரவே கூடாது.

வீட்டைக் காலிசெய்து இந்த வண்டியிலேயே மதுராந்தகம் வரைக்கும் போயாக வேண்டும். வீட்டுக்காரர் முப்பதாம் தேதி என்றால் முப்பதாம் தேதிதான்.

ஜூன் 5

ஹாரன் இடதுபக்கம் வளைக்கும்போது மட்டும் அடிக்கிறது.

ஜூன் 7

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அலைன்மென்ட் போட்டா சரியாயிடும் சார்." ஜாயின்ட் லூசாக இருக்கும்போது அலைன்மென்ட் பார்த்து என்ன பயன்? அடுத்த பள்ளத்திலேயே அந்த அளவெல்லாம் மாறிவிடும். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்த வண்டியில் வேலை பார்ப்பதே ஒரு சுகம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்க்கலாம். பையனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, "லேசா இப்படியும் அப்படியும் ஆட்டு" என்றேன். போனைப் பார்த்துக்கொண்டே ஆட்டினான். நான் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரலை வைத்துப் பார்த்தேன். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் இரண்டும் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் சக்கரம் திரும்புவதற்கு முன்பே ரேக் முழுதாக இடமும் வலமும் நகர்கிறது. அதைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் ரப்பர் பல வருஷம் இன்ஜின் ஆயிலில் ஊறி அல்வாவாகிவிட்டது. யூ போல்ட்டை இறுக்கினால் ரப்பர் பிதுங்குகிறது.

பாதி ஆட்டம் இங்கேதான். மீதிப் பாதி?

ஜூன் 8

ஹாரன் விஷயம் பிடிபட்டது. ஸ்டியரிங் ராடும் ரேக்கும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கிறது. ரப்பரில் கரன்ட் போகாது என்பதால், ஹாரனுக்கு எர்த் கொடுக்க அதைத் தாண்டி ஒரு சின்ன ஒயர். அது ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கப்ளிங் போல்ட்டில் ஒன்று கையாலேயே சுற்றுகிறது. ஹாரன் சொன்னதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

ஜூன் 9

அட்டைப்பெட்டி. எங்கே பார்த்தாலும் அட்டைப்பெட்டி.

ஜூன் 11

ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்தேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வலதுபக்கம் 'டொக்'. பையன் பிரேக்கை மிதித்ததும் அது நின்றுவிட்டது. அப்படியானால் வீல் பேரிங்தான், இறுக்கிக்கொள்ளலாம். இடதுபக்கம் பிரேக்கை மிதித்தபோதும் ஆடியது. மேலே பால் ஜாயின்ட்டில் (கிண்ணத்துக்குள் குண்டு சுழலும் இணைப்பு) அசைவே இல்லை. கீழேதான். ட்ரன்னியன்.

இனிமேல் தூக்கம் வராது. இந்த வண்டியில் கீழே பால் ஜாயின்ட் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும், அது பித்தளை நிறத்து ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழல்கிறது. உள்ளே தண்ணீர் போனால் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் மரையோடு ஒடிந்தால் சக்கரம் மட்டமாகப் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுக்க வளைக்கும்போதுதான் ஒடியும் என்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் அது என்னைக் கேட்டுக்கொண்டா ஒடியும்?

ஜூன் 14

ஜி.பி. ரோடு, அப்புறம் புதுப்பேட்டை. ஹெரால்டு என்றதும் ஒருவர் டீ சொன்னார், பாகம் இல்லை. இன்னொரு கடையில் தூசிக்குள்ளிருந்து ஒரு ட்ரன்னியன் கிடைத்தது. வலதுபக்கத்துடையது. இடதுபக்கத்துக்கு மரை எதிர்ச்சுற்று, மாற்றிப் போட முடியாது. "வெச்சுக்கோங்க சார், எப்பவாவது ஆகும்" என்றார் பாய். வாங்கிக்கொண்டேன்.

இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டாயிற்று. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் முன்பக்க அமைப்பு இதேதான், அதனால் அங்கே இன்னும் புதிதாகச் செய்கிறார்கள்.

ஜூன் 15

பீரோவை மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்று இவள் கேட்டாளாம். "நைலான் புஷ்" என்றேனாம்.

ஜூன் 18

இடதுபக்கம் கழற்றியாயிற்று. உள்ளே கருப்பாக இறுகிப்போன கிரீஸ், அதற்குக் கீழே துரு, குழி. ஏதோ ஒரு பட்டறையில் ஆயில் போக வேண்டிய இடத்தில் கிரீஸ் ஏற்றியிருக்கிறார்கள். கம்பெனிப் புத்தகம் ஆயில் என்றுதான் சொல்கிறது. கியர் ஆயில், 90. கிரீஸ் கட்டியானால் மரையின் அடிவரை இறங்காது. நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுக்கும் கைகளை என்ன செய்வது!

தண்டையும் மாற்ற வேண்டும். இன்னொரு ஆர்டர்.

ஜூன் 21

அண்ணன் போன் செய்தான். "லாரியில ஏத்தி அனுப்பிடு, எதுக்குடா வம்பு." பதில் சொல்லவில்லை. வண்டலூரில் செய்த வண்டி. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு, நான்கு கதவு போட்டது நம் ஊர்க்காரர்கள். அந்த வண்டலூர் வழியாக இதைக் கயிறு கட்டிக் கொண்டுபோவதா?

ஜூன் 22

லாரி வாடகை விசாரித்தேன். சும்மாதான்.

ஜூன் 24

கஸ்டம்ஸ்.

ஜூன் 27

இரண்டு பார்சலும் ஒன்றாக வந்தன. ட்ரன்னியனை முழுக்கத் திருகி, இரண்டு பக்கமும் கடைசிவரை திரும்புகிற அளவுக்குப் பின்வாங்கி, ஓரத்தில் கசியும்வரை ஆயில் ஏற்றினேன். ரேக்குக்குப் புது ரப்பர். கப்ளிங்கும் புதிது. வலது பேரிங்கையும் இறுக்கியாயிற்று. இரவு பதினொரு மணிக்குத் தெருமுனையில் ஒரே வீச்சில் திருப்பினேன். 25 அடிக்குள் சுற்றிவிடும் வண்டி. விரலசைவுக்குச் சக்கரம் அசைகிறது! ஹாரன் அடித்துப் பார்த்தேன், எதிர்வீட்டு மாமா விளக்கைப் போட்டார்.

ஜூன் 28

இடதுபக்கம் முழுக்க வளைத்தால் ஒரு 'டிக்'. பையனுக்குக் கேட்கவில்லையாம். பிரேக் மிதித்தாலும் வருகிறது. பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் புஷ்ஷாகவும் இருக்கலாம், அதை இதுவரை தொடவே இல்லை. நாளை விடியற்காலை ஜாக்கி. டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்க்க நூல் வேண்டும், எந்தப் பெட்டிக்குள் போயிற்றோ