பூட்டிக் கிடந்த ஒன்பது அறைகள்

பல வருடங்களாகக் காலியாகக் கிடந்த பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழைக் கனிமமான ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே இருக்கிறது என்று ஆய்வு செய்து அறிக்கை வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று நாள் வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். ஐந்து வாரம் இழுத்துவிட்டது. எழுதி வைத்தால் இதே வேலையில் மாட்டுகிற யாருக்காவது இரண்டு நடையாவது மிச்சமாகும்.

கட்டடத்தை விற்றவர்கள் ஏற்கெனவே ஓர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பொருள்கள் காணப்படவில்லை' என்றிருந்தது. நானும் மேலதிகாரியிடம் "சும்மா ஒரு சரிபார்ப்புதான் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புதிதாக வந்த ஆய்வாளர் அந்த அறிக்கையை வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே பொடி எழுத்தில் ஒரு பட்டியல்: 'உள்ளே செல்ல இயலாத பகுதிகள்'. மொத்தம் ஒன்பது. பாய்லர் அறை, அடித்தளத்தில் நீராவிக் குழாய் ஓடும் சுரங்கம், சலவைக்கூடத்தின் பின்பகுதி, லிஃப்ட் மோட்டார் அறை, லிஃப்ட் குழி என்று நீண்டது.

"ஆஸ்பத்திரியில இருக்கணும்னா இங்கதான் சார் இருக்கும். இதையெல்லாம் விட்டுட்டு வார்டு வார்டா சுத்தியிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கருவிகளைக் கிருமி நீக்கவும், துணி வெளுக்கவும், சமையலுக்கும் மருத்துவமனைக்கு நீராவி வேண்டும். ஒரே பாய்லரிலிருந்து கட்டடம் முழுக்கக் குழாய் ஓடும். அந்தக் காலத்தில் சூடு வெளியே போகாமல் இருக்க அந்தக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறைதான் போடுவார்கள். இன்னொன்றையும் சொன்னார்: பழைய அறிக்கை, ஆள் புழங்கும் கட்டடத்துக்குச் செய்யும் மேலோட்டமான ஆய்வு. எதையும் உடைத்துப் பார்க்க மாட்டார்கள். இடிக்கும் முன் செய்யும் ஆய்வு வேறு ரகம். சுவரைக் குடைய வேண்டும், தரையைப் பெயர்க்க வேண்டும். அறிக்கை கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அது எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

முதல் நாள் வீணானதற்குக் காரணம் என் தாடி. உள்ளே போகிறவர்கள் எல்லோருக்கும் முகமூடி சரியாகப் பொருந்துகிறதா என்று சோதனை செய்கிறார்கள். தலைக்கு மேல் ஒரு உறையைப் போட்டுக் கசப்பான திரவத்தைத் தெளிப்பார்கள். கசப்பு நாக்கில் தெரிந்தால் காற்று கசிகிறது என்று பொருள். எனக்கு முதல் தெளிப்பிலேயே வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் தாடிதான், அதுவே போதுமாம். வீட்டுக்குப் போய் மழித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் சாவியில் போனது. ஒரு வாளி நிறைய சாவி. ஒவ்வொன்றிலும் ஏதோ பழைய வார்டு எண். அந்த எண்களை நடுவில் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள், வரைபடமோ மூன்றாவது விதமாக இருக்கிறது. பூட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அந்த நாள் தப்பியிருக்கும்.

சுரங்கத்தின் இரும்புக் கதவு நான்காம் நாள்தான் திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ பழைய மெத்தையைக் கிழித்துப் போட்டது போல இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது: செம்புக்காகத் திருட வந்தவர்கள் வெந்நீர்க் குழாய்களை அறுத்துக்கொண்டு, காசாகாத உறையைத் தரையிலேயே உரித்துப் போட்டிருக்கிறார்கள். வெளியே வெள்ளைப் பெயிண்ட் அடித்த கித்தான், உள்ளே பழுப்பேறிய சாம்பல் நிறத்தில் பஞ்சு. கத்தி இழுத்த கோடு கித்தானில் நேராகத் தெரிந்தது. ஆய்வாளர் உள்ளே கால் வைக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தி, விளிம்பு முழுக்க டேப் ஒட்டிவிட்டுத்தான் பேசினார்.

அப்போது பின்னால் நின்ற வாட்ச்மேன் சொன்னார்: "இதுக்கு அந்தப் பக்கமும் ஒரு வழி இருக்கு சார். தண்ணி வால்வு மூட நான் அது வழியாத்தான் போவேன். தூசியா கிடக்கும், அப்பப்போ கூட்டி விடுவேன்."

துடைப்பத்தால்! காய்ந்த தூசியைக் கூட்டுவதை விட மோசமான காரியம் இதில் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். அவர் அன்றைக்கே "எக்ஸ்ரே எடுத்தா தெரியுமா சார்?" என்று கேட்டார். தெரியாது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நோய்கள் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். இப்போது எடுக்கும் படம் பெரும்பாலும் எதையும் காட்டாது. எங்கே, எத்தனை காலம், எந்த வேலை செய்தார் என்பதைத் தேதியோடு எழுதி, அவருடைய மருத்துவக் கோப்பில் சேர்க்க ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுக்க ஏற்பாடு செய்தேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சாம்பிள் எடுத்தது பெரும்பாலும் சிக்கலில்லாமல் போனது. சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, குழாயின் இரும்பு தட்டுப்படும் வரை ஆழமாக எடுத்து, ஓட்டையை அடைத்துவிடுவார்கள். ஒரு குழாயில் ஓர் இடத்தில் மட்டும் எடுக்க விடாதீர்கள். பழுதுபார்த்த இடங்களில் வேறு சரக்கு ஒட்டியிருப்பார்கள். எங்களுக்கு ஒரே குழாயில் பத்தடிக்குள் இரண்டு விதமான முடிவு வந்தது. நிறத்தை நம்பியும் பயனில்லை. ஆஸ்பெஸ்டாஸ் வகைகளுக்கு வெள்ளை, பழுப்பு, நீலம் என்று பெயர் இருந்தாலும் சூட்டிலும் வயதிலும் எல்லாம் ஒரே சாம்பல்தான்.

லேபில் இன்னொரு நடை வீண். நாற்பத்திரண்டு சாம்பிள் பைகளில் ஏழு பைகளைக் கவுண்டரில் இருந்தவர் தள்ளி வைத்தார். ஈரப் பையின் மேல் எழுதிய எண் கரைந்துபோயிருந்தது. புகைப்படத்தைக் காட்டினேன், கெஞ்சினேன், கொஞ்சம் குரலையும் உயர்த்தினேன். "எண் இல்லாத பை எங்களுக்குக் குப்பைதான்" என்றார், தலையைக்கூடத் தூக்காமல். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தும். உள்பையைத் துடைத்துக் காயவைத்து எண் எழுதி, இரண்டாவது பையில் போட்டு அதன்மேலும் எழுதுங்கள்.

முடிவுகள் வந்தபோது குழாய் உறையில் அமோசைட், அதாவது பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் என்றிருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வார்டுகளின் வினைல் தரை ஓட்டில் 'இல்லை' என்று வந்ததும் எங்கள் ஆட்கள் குஷியாகிவிட்டார்கள். ஆனால் அதே ஓட்டுக்கு அடியில் இருந்த கறுப்புப் பசையில் கிரைசோடைல், அதாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஆய்வாளருக்குச் சந்தேகம். அந்த ஓடுகளில் இழையை அவ்வளவு நுண்ணியதாக அரைத்துக் கலந்திருப்பதால் சாதாரண நுண்ணோக்கியில் தப்பிவிடுமாம். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பினோம். ஓட்டிலும் இருந்தது. மூன்று மாடித் தரை! செலவுக் கணக்கு எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

காற்றுச் சோதனை முடிவும் இதே மாதிரி ஆளை ஏமாற்றப் பார்த்தது. வார்டுகளில் பம்ப் வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றை இழுத்தார்கள். சுத்தம் என்று வந்தது. மேலதிகாரி "பாருங்க, ஒண்ணுமில்லையே" என்றார். ஜன்னல் மூடி, ஆள் நடமாட்டமே இல்லாத அறையில் தூசி எழும்பினால்தானே பம்புக்குள் போகும்? கடப்பாரை விழும் நாளில் அந்த எண் எதற்கும் உதவாது. இதை அவருக்குப் புரியவைக்க ஒரு முழு மாலை ஆனது. புரிந்துகொண்டார் என்பதே எனக்குப் பெரிய வெற்றி.

ஒன்பதில் எட்டு இடங்களைத் திறந்து பார்த்துவிட்டோம். லிஃப்ட் குழியில் மட்டும் இடுப்பளவு தண்ணீர், இறங்க முடியவில்லை. வரைவு அறிக்கையில் அதுவும் கடைசிப் பக்கத்துக்குத்தான் போயிருந்தது. முதல் பக்கத்துக்கு மாற்றி, 'இருப்பதாகவே கொள்ள வேண்டும்' என்று எழுதச் சொன்னேன். ஆய்வாளர் சிரித்தபடி மாற்றினார். அறிக்கை போன மறுநாள் காலை இடிப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து முதல் போன். "சார், அந்த லிஃப்ட் குழி..." என்றுதான் ஆரம்பித்தார்.