சீனத் துறைமுகத்துக்கான வேலை சிங்கப்பூரிலேயே முடிய வேண்டும்

சிங்கப்பூரிலிருந்து ஷாங்காய்க்கு ஏறத்தாழ 2,200 கடல் மைல். மணிக்கு 14 கடல் மைல் (14 நாட்) வேகத்தில் போனால் ஆறரை நாள். குவாங்சோ என்றால் ஐந்து நாள்கூட ஆகாது. இந்தக் கணக்கை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் சீனத் துறைமுகத்துக்குள் வர ஏஜென்ட் மூலம் ஏழு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். பயணமே ஏழு நாளுக்குக் குறைவு என்றால், முந்தைய துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதாவது இங்கே நங்கூரம் தூக்குமுன். நடுக்கடலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதெல்லாம் அங்கே வெளி நங்கூரத்தில் காத்துக் கிடக்கும் நாளாகத் திரும்பி வரும்.

கப்பல் எரிக்கும் எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், சறுக்கல் அதிகம் அங்கேதான். சீனக் கடலோரப் புகை உமிழ்வுக் கட்டுப்பாட்டுப் பகுதியில், ஏறக்குறைய கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை, 2019 ஜனவரி 1 முதல் எண்ணெயில் கந்தகம் 0.50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2020 முதல் உலகம் முழுவதற்கும் அதே வரம்பு வந்துவிட்டதால் இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மாட்டிக்கொள்வது 0.10 விழுக்காட்டுப் பகுதிகளில்தான். அவை இரண்டு. ஒன்று ஹைனான் கடல், 2022 ஜனவரி 1 முதல். ஹைகோ, யாங்பு போகிற கப்பல்களுக்கு. இன்னொன்று உள்நாட்டு ஆறுகள், 2020 ஜனவரி 1 முதல். யாங்சேயில் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள லியூஹேகோவுக்கு மேலே ஏறினாலே இந்த விதி வந்துவிடும். ஷாங்காய் வரை 0.50 போதும், நான்டோங், சாங்ஜியாகாங், நான்ஜிங் என்று மேலே போனால் 0.10 வேண்டும். ஒரே ஆறு, இரண்டு வரம்பு. சரக்கு எந்தத் துறைக்கு என்பதைக் கேட்காமல் பங்கர் (கப்பல் எரிபொருள்) ஆர்டர் போடக் கூடாது.

0.10க்கு மாற எவ்வளவு நேரம் முன்னதாகத் தொடங்க வேண்டும்? வால்வைத் திருப்பிய நொடியில் எண்ணெய் மாறிவிடாது. சுற்றுக் குழாய், மிக்ஸிங் டேங்க், ஹீட்டர் எல்லாம் சேர்த்து 3 டன் பழைய எண்ணெய் இருக்கிறது, என்ஜின் மணிக்கு 1 டன் எரிக்கிறது என்று வையுங்கள். பழையது 0.48, புதிய கேஸ் ஆயில் (டீசல் போன்ற மெல்லிய எண்ணெய்) 0.05 விழுக்காடு. கலந்து கலந்து 0.10க்கு இறங்க ஏறக்குறைய ஆறரை மணி நேரம் ஆகும். அதே கேஸ் ஆயில் 0.08 என்று வந்திருந்தால் ஒன்பது மணி நேரம். இரண்டுமே விதிக்கு உட்பட்ட எண்ணெய்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அதனால் பங்கர் டெலிவரி நோட்டில் இருக்கும் கந்தக அளவைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். போன பயணத்தில் எழுதிய நேரத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

அவசரப்பட்டு மாற்றினாலும் கெடும். சூடான எண்ணெயிலிருந்து 40 டிகிரி கேஸ் ஆயிலுக்கு இறங்கும்போது நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் குறையக் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் ஃபியூவல் பம்பின் உருளையான பேரல் சுருங்கி உள்ளே ஓடும் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். குழாயைச் சூடாக்கும் ஸ்டீம் டிரேசிங்கை மூட மறந்தால் நேர்மாறு: கேஸ் ஆயில் சூடாகி 2 சென்டிஸ்டோக் பாகுநிலைக்குக் கீழே மெலிந்து, பம்பில் கசிந்து, துறைமுக வழிகாட்டியான பைலட் ஏறிய பிறகு என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. மாற்றி முடித்த நேரம், கப்பல் இருந்த இடம், டேங்க்குகளில் இருந்த அளவு மூன்றையும் லாக்கில் அப்போதே எழுத வேண்டும். அதிகாரி முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சிங்கப்பூரில் பங்கருக்கு மாஸ் ஃப்ளோ மீட்டர் (பாயும் எண்ணெயை எடையில் அளக்கும் கருவி) கட்டாயம். கனரக எண்ணெய்க்கு 2017 முதலே. ஆனால் மீட்டர் அளவைத்தான் சொல்லும், கந்தகத்தைச் சொல்லாது. எண்ணெய் ஏறும் குழாய் வாயான மேனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாக எடுத்த மாதிரிதான் உங்கள் சாட்சி. அதைச் சீல் வைத்துக் குறைந்தது 12 மாதம், டெலிவரி நோட்டை மூன்று ஆண்டு வைத்திருங்கள்.

ஸ்க்ரப்பர் (புகையைத் தண்ணீரால் கழுவிக் கந்தகத்தை நீக்கும் கருவி) உள்ள கப்பலுக்கு ஒரு வார்த்தை: திறந்த முறைக் கழுவுநீரைச் சிங்கப்பூர் துறைமுகத்திலும் விடக் கூடாது, சீனக் கடலோரத் துறைமுக நீரிலும் போஹாய்க் கடலிலும் ஆறுகளிலும் விடக் கூடாது. ஸ்க்ரப்பர் இல்லாத கப்பல் 0.50க்கு மேற்பட்ட எண்ணெயை டேங்க்கில் வைத்திருப்பதே 2020 மார்ச் 1 முதல் குற்றம், எரிக்காவிட்டாலும்.

அடுத்தது கசிவு ஒப்பந்தம். எண்ணெயோ ஆபத்தான திரவமோ மொத்தமாக ஏற்றிய கப்பல்களும், 10,000 மொத்த டன்னேஜுக்கு (கப்பலின் உள்கொள்ளளவைக் காட்டும் அளவை) மேற்பட்ட மற்ற கப்பல்களும், தகுதியுள்ள கசிவு அகற்றும் நிறுவனத்தோடு துறைமுகத்துக்குள் நுழையுமுன் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் இதுதான் நடைமுறை. ஒரு பயணத்தில் மூன்று துறைமுகம் என்றால் மூன்றுக்கும் பாருங்கள். ஏஜென்ட் கையெழுத்திடுவதானால் கப்பல் முதலாளியின் அதிகாரக் கடிதம் வேண்டும், அதில் எதற்கு மட்டும் அதிகாரம் என்று எழுதியிருக்க வேண்டும். மாதிரி ஒப்பந்தத்தில் இல்லாத நஷ்ட ஈட்டுப் பிரிவு ஏதாவது நுழைந்திருந்தால் உங்கள் பி அண்ட் ஐ கிளப்பிடம் (கப்பல் முதலாளிகளின் காப்பீட்டுச் சங்கம்) காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகல் கப்பலில் இருக்க வேண்டும், அலுவலக மின்னஞ்சலில் இருந்தால் போதாது.

ஆபத்தான சரக்குக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தனி அறிவிப்பு உண்டு. 2015 ஆகஸ்ட் 12 அன்று தியான்ஜினில் 173 பேர் உயிர் போனது, கன்டெய்னரில் இருந்த நைட்ரோசெல்லுலோஸின் ஈரம் வெயிலில் காய்ந்து தானாகத் தீப்பற்றியதால். பக்கத்தில் அமோனியம் நைட்ரேட் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் அதிகாரிகளின் கெடுபிடி புரியும், அது நியாயம் என்றும் படும். ஐநா எண் (எந்தப் பொருள் என்பது), பேக்கிங் குரூப் (ஆபத்தின் அளவு), ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) ஆகியவை மேனிஃபெஸ்ட்டிலும் அறிவிப்பிலும் ஏற்றும் வரைபடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே டிரான்ஷிப்மென்ட்டில் (வேறு கப்பலிலிருந்து மாறி) ஏறும் பெட்டிகளைக் கூடுதலாகச் சரிபாருங்கள், பழைய கப்பலில் பெட்டி இருந்த இடத்தின் எண் (ஸ்லாட் எண்) ஒட்டிக்கொண்டு வரும்.

வருகைக்கு 24 மணி நேரம் முன் முன்பக்க, பின்பக்க டிராஃப்டும் (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்) சொல்ல வேண்டும். நான்ஜிங் வரை கால்வாய் ஆழம் 12.5 மீட்டர். ஆனால் ஆற்று நீர் நன்னீர், கடல்நீரைவிட அடர்த்தி குறைவு. 60,000 டன் இடப்பெயர்ச்சி (கப்பலும் சரக்கும் சேர்ந்த எடை), டிபிசி (ஒரு சென்டிமீட்டர் அமிழ வேண்டிய டன்) 60 என்றால் கப்பல் 25 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். கடலில் 11.80 என்று பார்த்தது ஆற்றில் 12.05.

துறைமுக அரசுச் சோதனைக்கு (வெளிநாட்டுக் கப்பலில் அந்நாட்டு அதிகாரிகள் ஏறிப் பார்ப்பது), நங்கூரத்தில் இருக்கும்போதே மூன்றைச் செய்து பாருங்கள். முக்கிய மின்சாரத்தை நிறுத்தி பிளாக் அவுட் செய்தால் அவசர ஜெனரேட்டர் 45 நொடிக்குள் சுமையை எடுக்கிறதா? எண்ணெய் டேங்க்கின் குயிக் குளோசிங் வால்வு கம்பியை இழுத்தால் டக்கென்று விழுகிறதா, இல்லை பெயின்ட்டில் ஒட்டிப் பாதியில் நிற்கிறதா? தீயின்போது காற்றுவழியை அடைக்கும் ஃபயர் டேம்பரின் கைப்பிடி மட்டும் திரும்பி, உள்ளே தகடு துருவேறி அசையாமல் நிற்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும்.

கரை மின்சாரம் எடுக்கும் வசதியுள்ள கப்பல், அந்த வசதியுள்ள கடலோரத் துறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

கிளம்பும்போது ஒன்று பாக்கி இருக்கும். 400 மொத்த டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எரிபொருள் செலவுக் கணக்கைச் சீனக் கடல்துறை நிர்வாகத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். இங்கே வருகிற தவறு பெரும்பாலும் பெருக்கலில். டேங்க்கின் எண்ணெய் மட்டத்தை அளக்கும் சவுண்டிங்கில் 500 கன மீட்டர், டேங்க் வெப்பம் 45 டிகிரி. டெலிவரி நோட்டில் உள்ள 0.950 அடர்த்தி 15 டிகிரிக்கு உரியது. அதை அப்படியே பெருக்கினால் 475 டன். வெப்பத்துக்குத் திருத்தினால் ஏறக்குறைய 465. இல்லாத பத்து டன் எண்ணெய் கணக்கில் ஏறிவிடும், லாக் புத்தகத்தோடு ஒத்துப்போகாது.