சந்தன கலரா, இளநீலமா

எங்க பெட்ரூம் மேற்கு பாத்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள வர்ற வெயில் ஆறு மணி வரைக்கும் நகராது. அதனால அம்மா "நீலம் அடிடா, குளுகுளுன்னு இருக்கும்"னாங்க. வீட்டுக்காரிக்கு சந்தன கலர்தான் வேணும். நான் நடுவுல.

பட்டி பாத்து பிரைமர் அடிச்சு முடிச்ச அன்னிக்கு பெயிண்டர் அண்ணன்தான் சொன்னாரு, தம்பி கலர் அட்டையில இருக்கற சின்ன கட்டத்த நம்பாதீங்க, நாலு செவுத்துலயும் ஏறுனா கலர் இன்னும் தூக்கலா தெரியும்னு. சரின்னு ரெண்டுலயும் சின்ன டப்பா வாங்கி, செவுத்துல ரெண்டடிக்கு ரெண்டடி பக்கத்து பக்கத்துல ரெண்டு கோட்டிங் அடிச்சு காயவிட்டு, மூணு நாள் அதையே மொறச்சு பாத்துட்டு இருந்தேன்.

காலைல நீலம் அம்சமா இருந்துச்சு, சந்தனம் கொஞ்சம் சோகமா. சாயங்காலம் நாலரைக்கு வெயில் செவப்பா விழுந்ததும் சந்தனம் மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி ஆயிருச்சு, பாத்தாலே வேர்க்குது. நீலம் சாம்பலா அடங்கி கண்ணுக்கு எதமா இருந்துச்சு. ஆனா ராத்திரி 6500 கெல்வின் டியூப்லைட்ட போட்டா அதே நீலம் ஆஸ்பத்திரி வார்டு. 3000 கெல்வின் பல்ப மாட்டுனா சந்தனம் அப்பிடி ஒரு அழகு! (கெல்வின்ங்கறது வெளிச்சத்தோட நெறத்த சொல்ற அளவு. நம்பர் கூடுனா வெளிச்சம் நீலத்துக்கு போகும், கொறஞ்சா மஞ்சளுக்கு. இத தெரியாம ரெண்டு தடவ தப்பு பல்ப் வாங்கிட்டு வந்தேன்.)

சூடும் குளுமையும் நம்ம கண்ணுல இருக்கற சமாச்சாரம், உள்ள என்ன கலர் அடிச்சாலும் ரூம் சூடு கொறையப் போறதில்ல, அதுக்கு மொட்டமாடில வெள்ளையடிச்சாதான் ஏதாவது பிரயோஜனம். அம்மாகிட்ட சொன்னா கேக்கணுமே. ஆச்சி வீட்டுல சுண்ணாம்புல நீலம் கலந்து அடிப்பாங்களாம், அந்த வீடு எப்பிடி இருக்கும் தெரியுமான்னாங்க. அந்த நீலம் சுண்ணாம்போட பழுப்ப மறச்சு பளிச்சுன்னு காட்டறதுக்குதாம்மா, அந்த வீடு குளுகுளுன்னு இருந்தது தடிச்ச செவுத்தாலயும் ஓட்டாலயும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

கடைசில சாம்பல் கலந்த இளநீலம் அடிச்சோம், டியூப்லைட்ட கழட்டிட்டு 3000 பல்பு ரெண்டு. வீட்டுக்காரிக்கு கிழக்கு பாத்த ஹால்ல சந்தனம், அங்க சாயங்கால வெயில் தொல்லை இல்ல.

இப்ப அம்மா மத்தியானத்துல அந்த ரூம்லதான் படுக்குறாங்க, நீலம் அடிச்சதுலேந்து எவ்ளோ குளுமைன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டு. ஃபேன் அஞ்சுல ஓடுது.