துருக்கி நாடகக் கலைஞர்களுக்கான பயண நல்கை: கணக்கை விசாவிலிருந்து தொடங்குங்கள்

நடிகை யில்டிஸ் கென்டர் அமெரிக்காவில் நடிப்புப் பயிற்சி பெற்றது ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நல்கையில்தான். அதே உதவியில் நியூயார்க் போன நாடக ஆய்வாளர் மெதின் அந்த், பின்னாளில் காராகோஸ் நிழற்கூத்தைப் பற்றியும் பழைய துருக்கி நாடக மரபுகளைப் பற்றியும் நூல் நூலாக எழுதினார். இருவரும் திரும்பி வந்து மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒருவருக்குக் கொடுத்த பணம் தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த நல்கைகள் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

இன்று விண்ணப்பிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தகுதி. 2016 இறுதியோடு துருக்கி, ஐரோப்பிய ஒன்றியத்தின் கலை நிதித் திட்டமான ‘கிரியேட்டிவ் யூரோப்’பிலிருந்து விலகிவிட்டது. ஆகவே அந்தத் திட்டத்தின் கீழ் வரும் ‘கல்ச்சர் மூவ்ஸ் யூரோப்’ பயண நல்கைக்கு இஸ்தான்புல்லில் வசிப்பவர் விண்ணப்பிக்க முடியாது. பெர்லினில் சட்டப்படி வசிக்கும் துருக்கிக் குடிமகன் விண்ணப்பிக்கலாம். பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை.

அடுத்தது விசா. பல பயணங்கள் முறிவது இங்கேதான். மேல்நிலை அரசு ஊழியருக்குக் கிடைக்கும் பச்சை பாஸ்போர்ட் இருந்தால், ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. தனியார் குழு நடிகரிடம் இருப்பதோ சாதாரணக் குடிமக்களுக்கான மெரூன் பாஸ்போர்ட். அவர் விசாக் கட்டணமாக 90 யூரோ கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது விதி. 45 நாள் வரை நீளலாம். விண்ணப்பத்தை நேரில் கொடுக்கத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். பயிலரங்குக்கு இரண்டு மாதம் முன்னால் முடிவு சொல்லும் நல்கை, மெரூன் பாஸ்போர்ட்காரருக்குப் பெரும்பாலும் பயன்படாது.

நல்கை தரும் அமைப்பின் கடிதத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். Ş, ğ, ı போன்ற துருக்கி எழுத்துகள் மாறினால் தூதரகத்தில் கேள்வி வரும். தொகை, தேதிகள், எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் அதிலேயே வேண்டும். ‘பயணத்துக்கு ஆதரவளிக்கிறோம்’ என்ற ஒற்றை வரி போதாது.

நல்கையின் ஒரு பகுதியை அறிக்கை கொடுத்த பிறகே தருவது பல இடங்களில் வழக்கம். அந்தப் பகுதியை முதலில் கைப்பணத்திலிருந்துதான் போட வேண்டும். யூரோவில் வரும் தொகையை யூரோ கணக்கிலேயே வைத்திருங்கள். துருக்கிப் பணமான லிராவாக மாற்றிவிட்டுக் காத்திருந்தால், அதன் மதிப்பு சரிந்து, விடுதி வாடகை கட்டுவதற்குள் துண்டு விழும். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள், கணக்கு முடிக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.